"பரவாயில்லை சிஸ்டர்" என்று சொல்லிவிடாதீர்கள்

புற்றுநோய் மருந்து ஆய்வுகளில் நோயாளிகளிடம் பேசி, அவர்கள் சொல்வதைப் பதிவு செய்கிற செவிலியர் நான். கீமோ போய்க்கொண்டிருக்கும் அம்மாக்களிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் "பரவாயில்லை சிஸ்டர்" என்றுதான் பதில் வரும். விரல் நுனி மரத்துப்போய் ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியவில்லை என்பதைக் கூட வந்த மகள்தான் சொல்வாள். சொன்னால் டாக்டர் மருந்தை நிறுத்திவிடுவாரோ என்ற பயம். ஆனால் நீங்கள் சொல்லாதது எங்கள் பதிவில் ஏறாது, அந்த மருந்து அடுத்தவருக்கும் அதே அளவில்தான் போகும்.

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் கீமோ எடுத்துக்கொண்டிருந்த, நோய் முற்றிப் பரவிய 766 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினர் வலி, வாந்தி, அசதி போன்றவற்றைத் தாங்களே கணினியில் பதிந்தார்கள், நிலைமை மோசமானால் நர்ஸுக்குத் தகவல் போய்விடும். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. 2017-இல் வந்த முடிவின்படி, பதிந்தவர்களின் இடைநிலை ஆயுட்காலம் (அதாவது பாதிப் பேர் உயிரோடு இருந்த காலம்) 31.2 மாதம், மற்றவர்களுக்கு 26 மாதம். இதற்காகப் புது மருந்து எதுவும் கொடுக்கவில்லை! தொந்தரவு நேரத்தோடு தெரிந்தது, அவ்வளவுதான்.

நோயாளி வாய் திறந்ததால் சிகிச்சை முறையே மாறியதும் உண்டு. 1970-களின் அமெரிக்காவில், மார்பில் கட்டி என்று மயக்க மருந்து கொடுத்துத் திசு எடுப்பார்கள், புற்று என்று தெரிந்தால் அந்த மயக்கத்திலேயே மார்பையும் எடுத்துவிடுவார்கள். கண் விழிக்கும்போதுதான் அந்தப் பெண்ணுக்கே தெரியும். 1974-இல் இந்த நோய் வந்த பத்திரிகையாளர் ரோஸ் குஷ்னர், முதலில் பரிசோதனை மட்டும், மற்றதை என்னிடம் பேசி முடிவு செய்யலாம் என்று பிடிவாதமாக நின்றார். பிறகு அரசின் தேசிய சுகாதார நிறுவனம் 1979-இல் கூட்டிய நிபுணர் குழுவில் அவரும் உட்கார்ந்தார். திசுப் பரிசோதனை, மார்பு அறுவை இரண்டையும் தனித்தனியாகச் செய்ய வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது.

நம் நாட்டிலும் வழி இருக்கிறது. 2019 மருந்து ஆய்வு விதிகளின்படி, ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் மருத்துவர் அல்லாத பொதுமக்களில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். அந்த இடத்தில் சிகிச்சை முடித்து மீண்டவர்கள் உட்கார வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மாதாமாதம் எத்தனை முறை ரத்தம் எடுக்கலாம், வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வருபவருக்கு அது முடியுமா என்று கேட்க அனுபவப்பட்டவர்தான் வேண்டும்.

சரி, உங்களை ஓர் ஆய்வில் சேரச் சொன்னால்? தமிழில் உள்ள தகவல் தாளைக் கேட்டு வாங்குங்கள், வீட்டில் எல்லோரும் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் உங்கள் சிகிச்சை நிற்கக் கூடாது. சிகிச்சை முடிந்தவர்கள், என்ன மருந்து, மொத்தம் எவ்வளவு, எந்த இடத்தில் கதிர்வீச்சு என்று எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டாக்ஸோரூபிசின் போன்ற கீமோ மருந்துகள் பல வருடம் கழித்தும் இதயத்தைப் பாதிக்கலாம். அப்போது மூச்சு வாங்கினால், வயசாகிவிட்டது என்று விடாமல் அந்தத் தாளோடு டாக்டரைப் பாருங்கள்.