இயக்கம்: இயங்குவதா, இயக்குவதா?

‘இயக்கம்’ என்ற பெயர்ச்சொல்லுக்கு வேர்வினை ஒன்றல்ல, இரண்டு. தன்வினையான ‘இயங்கு’ ஒன்று. பிறவினையான ‘இயக்கு’ மற்றொன்று. முழங்கு – முழக்கம், கலங்கு – கலக்கம், தயங்கு – தயக்கம் என்ற வரிசையில் இயங்கு ‘இயக்கம்’ ஆகிறது. திரைப்படத்தின் தொடக்கத்தில் ‘இயக்கம்’ என்று எழுத்து விழுகிறதே, அது ‘இயக்கு’ என்பதிலிருந்து பிறந்தது. எழுத்திலும் ஒலியிலும் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. ஆகவே மக்கள் இயக்கம் என்று சொன்ன உடனே, மக்கள் தாமாக இயங்குகிறார்களா, அவர்களை யாரோ இயக்குகிறார்களா என்ற கேள்வியும் கூடவே வந்து நிற்கிறது. சமூகவியல் நூறாண்டுக்கும் மேலாக விடை தேடிவரும் கேள்வியும் இதுதான்.

சொல் பழையது. இயங்குதல் என்றால் நடத்தல், வழிச்செல்லுதல். ‘இயவு’ என்பது வழி. தொல்காப்பியம், படையெடுப்பைப் பாடும் வஞ்சித் திணையின் துறைகளை ‘இயங்குபடை அரவம்’ என்றுதான் தொடங்குகிறது. நகர்ந்து செல்லும் படை எழுப்பும் ஆரவாரம் அது. பலர் ஒன்றாகப் புறப்பட்டுச் செல்வது அப்போதே இந்த வினையோடு ஒட்டியிருக்கிறது.

அதைவிட எனக்குப் பிடித்தது இசைத்தமிழில் உள்ள பொருள். சிலப்பதிகார உரையில் பாட்டின் நடைக்கு இயக்கம் என்று பெயர். முதனடை, வாரம், கூடை, திரள் என அது நான்கு. முதனடை மிகத் தாழ்ந்த செலவு; திரள் மிக முடுகிய நடை. மக்கள் இயக்கங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தப் பாகுபாட்டைத் தயங்காமல் எடுத்தாளலாம். செய்தியாவது திரள் மட்டும்தான். முதனடை அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, யார் கண்ணிலும் படாமல் தொடங்கியிருக்கும்.

இன்று நாம் வழங்கும் பொருள் ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஜெர்மானிய அறிஞர் லோரன்ஸ் ஃபான் ஷ்டைன் 1850இல் பிரான்ஸின் ‘சமூக இயக்க’ வரலாற்றை எழுதியபோது அந்தத் தொடர் அறிவுலகில் நிலைபெற்றது. ஆங்கிலத்தின் ‘மூவ்மெண்ட்’ லத்தீன் வேரிலிருந்து வந்த சொல். அதே வேரில்தான் கும்பலைக் குறிக்கும் ‘மாப்’ என்ற சொல்லும் முளைத்தது. நிலையில்லாத கூட்டம் என்ற லத்தீன் தொடரை 17ஆம் நூற்றாண்டில் சுருக்கிய வடிவம் அது. மதிப்புக்குரிய சொல்லும் இழிவான சொல்லும் உடன்பிறப்புகள். 1895இல் பிரெஞ்சு எழுத்தாளர் குஸ்தாவ் லெ போன் இரண்டாவதன் பக்கம் நின்றார். கூட்டத்தில் கலந்தவன் தன் அறிவை இழக்கிறான், தலைவன் சொன்னதைச் செய்கிறான் என்றார். முழுக்க முழுக்க ‘இயக்கு’. இன்றும் தெருவில் இறங்கியவர்களைப் பார்த்து ‘தூண்டிவிடப்பட்டவர்கள்’ என்று சொல்லும் ஒவ்வொருவரும் லெ போனின் வாரிசுதான்.

அமெரிக்காவின் மாண்ட்கொமரி நகரில் நடந்தது வேறு. 1955 டிசம்பர் 1 அன்று பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்து ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் கைதானார். களைத்துப்போன ஒரு தையற்காரப் பெண் எழ மறுத்தார், ஊர் பொங்கியது என்றே கதை சொல்லப்படுகிறது. ஆனால் அவர் கறுப்பின மக்களின் உரிமைச் சங்கக் கிளையில் செயலாளராகப் பணியாற்றியவர். அதே ஆண்டு மார்ச்சில் கிளாடெட் கால்வின் என்ற 15 வயது மாணவி அதே காரணத்துக்காகக் கைதாகியிருந்தார். அந்நகரின் பெண்கள் அரசியல் மன்றம் 1954 மே மாதமே மேயருக்குக் கடிதம் எழுதி, பஸ் புறக்கணிப்பு வரக்கூடும் என்று எச்சரித்திருந்தது. பார்க்ஸ் கைதான இரவில் அந்த மன்றத்தின் ஜோ ஆன் ராபின்சன் தாம் பணியாற்றிய கல்லூரிக்குப் போனார். சக ஆசிரியர் ஒருவரும் இரண்டு மாணவர்களும் துணைக்கு வந்தார்கள். சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில், ஒரு தாளுக்கு மூன்று துண்டறிக்கை விழும்படி, விடிவதற்குள் பல்லாயிரம் படிகள் எடுத்து வெட்டி அடுக்கினார்கள். திங்கட்கிழமை பஸ்கள் காலியாக ஓடின. புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது. அத்தனை நாளும் பலர் வேலைக்கு நடந்தே போனார்கள். ‘இயங்கு’ என்பதன் முதற்பொருளே அதுதான். துண்டறிக்கை அடித்தவர்கள் இயக்கினார்கள், நடந்தவர்கள் இயங்கினார்கள் என்று பிரித்துவிடவும் முடியாது. அடித்தவர்களும் அதே பஸ்ஸில் அவமானப்பட்டவர்கள்.

சரி, ஒருவர் ஏன் சேர்கிறார்? குறை இருப்பதால் என்பது எளிய விடை. குறை எங்கும் இருக்கிறது, இயக்கம் எங்கும் இல்லை. பிறர் போராடி வென்றாலும் பயன் எனக்கும் வரும், நான் ஏன் இடர்ப்பட வேண்டும் என்று பொருளியலாளர் மன்சர் ஓல்சன் 1965இல் எழுப்பிய கேள்வியும் அப்படியே நிற்கிறது. எனக்கு நிறைவளிக்கும் விடை டக் மெக்ஆடம் என்ற சமூகவியலாளருடையது. 1964 கோடையில் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவுசெய்ய மிசிசிப்பிக்குச் செல்ல மாணவர்கள் விண்ணப்பித்தார்கள். உயிருக்கே ஆபத்தான பணி அது. தொடக்கத்திலேயே மூவர் கொல்லப்பட்டார்கள். 720 பேர் சென்றார்கள், 239 பேர் விலகிக்கொண்டார்கள். மெக்ஆடம் பழைய விண்ணப்பங்களை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். கொள்கைப் பற்றில் இரு சாராருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ‘உங்கள் பணி பற்றி யாருக்குத் தெரிவிக்க வேண்டும்’ என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. சென்றவர்கள் அதற்கு எழுதிய பெயர்களில், அதே பயணத்துக்குப் பெயர் கொடுத்த நண்பர்கள் கூடுதலாக இருந்தார்கள். கொள்கை அவர்களை வாசல்வரை கொண்டுவந்தது. வாசலைத் தாண்ட நண்பன் வேண்டியிருந்தது.

இனி, எதை எழுதுவது? ‘சமூக இயக்கம்’ என்பது பாடநூல் வழக்கு. ஆனால் தமிழில் ‘சமூகம்’ சாதியையும் குறிப்பதால், ‘எந்தச் சமூகத்தின் இயக்கம்’ என்று கேட்க இடமுண்டு. தனித்தமிழ் அன்பர்கள் குமுகாயம் என்ற சொல்லைக் கையாள்கிறார்கள், அது பரவவில்லை. பொது எழுத்துக்கு ‘மக்கள் இயக்கம்’ போதும், தெளிவாகவும் இருக்கிறது. போராட்டம், கிளர்ச்சி ஆகியவற்றை இதற்கு ஈடாக எழுதக் கூடாது. அவை இயக்கத்தின் நிகழ்ச்சிகள். சங்கமும் கட்சியும் அமைப்புகள். ஈழ வழக்கில் ‘இயக்கத்துக்குப் போனார்’ என்றால் ஆயுதம் ஏந்திய அமைப்பில் சேர்ந்தார் என்றே பொருள் என்பதையும் எழுதுகிறவர் மறந்துவிடக் கூடாது.

இன்னொரு திருத்தமும் வேண்டும். மக்கள் ஒன்றுகூடும் எல்லாவற்றுக்கும் இப்போது ‘அணிதிரட்டல்’ என்றே எழுதிவருகிறோம். அது பிறவினை, திரட்டுகிறவர் ஒருவர் இருந்தால் சரி. அண்டை வீட்டாரும் நண்பர்களும் ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டு வந்து நின்ற இடத்தில் ‘அணிதிரளல்’ என்று எழுத வேண்டும்.