கிளினிக் நாளில் ஊசி போடுபவரின் பொறுப்பும் உங்கள் பொறுப்பும்

இலங்கையின் தேசிய தடுப்பூசித் திட்டம் 1978 முதல் நடக்கிறது. அரச கிளினிக்கில் பிள்ளைக்குப் போடும் எந்த ஊசிக்கும் காசு இல்லை. வன்னியில் மல்லாவி, ஒட்டுசுட்டான், பூநகரி என எங்கு இருந்தாலும் உங்கள் பகுதிக்குப் பொறுப்பு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைதான். வீடு தேடி வந்து, பிள்ளையைப் பதிந்து, கிளினிக் நாளைச் சொல்பவர் குடும்பநல உத்தியோகத்தர், அதாவது ஊரில் எல்லாரும் சொல்லும் மிட்வைஃப். பாடசாலை ஊசிகளில் பொதுச் சுகாதார பரிசோதகருக்கும் பங்கு உண்டு.

காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. ஊசியை, பிறந்த பிள்ளை ஆஸ்பத்திரியை விட்டு வெளியேற முன்னரே போடுவார்கள். 2, 4, 6 மாதங்களில் ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவலன்ட் ஊசியும் போலியோ சொட்டும் வரும். 2, 4 மாதங்களில் இவற்றோடு தோலுக்குள் போடும் சிறிய போலியோ ஊசியும் உண்டு. 9 மாதத்தில் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகியவற்றுக்கான எம்.எம்.ஆர்., 12 மாதத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி. அந்த நோயைப் பரப்பும் நுளம்பு வயல் தண்ணீரில் பெருகுவது, ஆகவே குளமும் வயலும் சூழ்ந்த எங்கள் ஊர்களில் இதைத் தள்ளிப்போட வேண்டாம். 18 மாதத்தில் தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்புவலி ஆகியவற்றுக்கான முக்கூட்டு ஊசி, 3 வயதில் இரண்டாவது எம்.எம்.ஆர். ஆறு மாதமாகியும் பி.சி.ஜி. தழும்பு தெரியாவிட்டால் மிட்வைஃபிடம் காட்டுங்கள். ஐந்து வயதுக்குள் மீண்டும் போடலாம்.

ஊசி போடுபவரின் வேலையில் பெரும்பகுதி பெற்றோர் கண்ணில் படாதது. மருந்து 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் மோட்டார் சைக்கிளில் மருந்துப் பெட்டி போகும்போது எல்லாரும் சூட்டுக்குத்தான் பயப்படுவார்கள். உறைவதும் அதே அளவு கேடு. கல்லாய் இறுகிய ஐஸ் பக்கற்றை அப்படியே பெட்டியில் வைத்தால் பென்டாவலன்ட் உறைந்து பயனற்றுப் போகும், பிறகு உருகினாலும் சரிவராது. அதனால் பக்கற்றைக் குலுக்கினால் உள்ளே தண்ணீர் அசையும்வரை வெளியே வைத்து, பிறகே அடுக்குவார்கள். சூடு பட்டதா என்பதைக் குப்பியில் உள்ள அடையாளம் காட்டும். வட்டத்துக்குள் இருக்கும் சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் பாவிக்கலாம், நிறம் ஒத்துவிட்டால் எறிய வேண்டும்.

பி.சி.ஜி., எம்.எம்.ஆர். போன்றவை தூளாக வருபவை. கரைத்தபின் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, கிருமி வளர்ந்தால் பிள்ளைக்கு ஆபத்து. ஒரு குப்பி பல பிள்ளைகளுக்குப் போதும் என்பதால்தான் ஒரே வயதுப் பிள்ளைகளை ஒரே நாளுக்கு அழைக்கிறார்கள். குறித்த நாளில் போவது பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் உதவி.

ஊசிக்கு முன் கேள்விகள் வரும். போன முறை ஊசிக்குப் பிறகு வலிப்பு வந்ததா, கடும் ஒவ்வாமை வந்ததா, அண்மையில் இரத்தம் ஏற்றினார்களா, நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுக்கிறாரா என்று கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். தடிமன், இலேசான காய்ச்சல், சாதாரண வயிற்றோட்டம் ஊசியை நிறுத்தக் காரணமல்ல. இதற்காகத் திரும்பிப் போகும் பிள்ளைகள்தான் அட்டவணையில் பின்தங்குகிறார்கள். பின்தங்கியவருக்கும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிய சிரிஞ். பாவித்த ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடாமல் நேரே பாதுகாப்புப் பெட்டிக்குள் போட வேண்டும். இதைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஊசிக்குப் பின் இருபது நிமிடமாவது கிளினிக்கிலேயே இருங்கள். பஸ் போய்விடும் என்று ஓடாதீர்கள். உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை அரிது, வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் வரும், அதற்கான மருந்தான அட்ரினலின் அங்கேதான் இருக்கும். வீட்டில் காய்ச்சலுக்குப் பிள்ளையின் எடைக்கேற்ற பரசிற்றமோல் போதும். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கவோ எண்ணெய் பூசவோ வேண்டாம். வலிப்பு, மூச்சுத்திணறல், மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓயாத அழுகை என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மிட்வைஃபுக்கும் அறிவியுங்கள். அவர் அதைப் பதிந்து மேலே அனுப்ப வேண்டியவர்.

பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் திகதியும் மருந்தின் தொகுதி இலக்கமும் எழுதப்பட்டதா என்று வெளியேற முன் பாருங்கள். வெள்ளத்திலோ இடமாற்றத்திலோ இந்தப் பதிவேடு (கார்ட்) தொலைந்தால், முன்பு இருந்த ஊர் மிட்வைஃபின் பதிவேட்டில் விபரம் இருக்கும், அதைப் பார்த்துப் புதியதில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.