நாவல் படித்தால் ஆங்கிலச் சொற்கள் எப்படி மனதில் ஒட்டுகின்றன?

ஆன்டனி பர்ஜஸ் 1962இல் எழுதிய 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' நாவலின் இளைஞர்கள் ஆங்கிலம்தான் பேசுவார்கள். ஆனால் நடுநடுவே ரஷ்ய மொழியிலிருந்து உருவிய கொச்சைச் சொற்கள் வந்து விழும். நண்பன் என்றால் ட்ரூக், பால் என்றால் மோலோகோ. இப்படி 200க்கும் மேல். அருஞ்சொற்பொருள் பட்டியல் எதையும் பர்ஜஸ் சேர்க்கவில்லை. படிக்கப் படிக்கத் தானாகப் புரிந்துவிடும் என்பது அவர் கணக்கு.

1978இல் சராகி, நேஷன், மைஸ்டர் என்ற மூன்று ஆய்வாளர்கள் அந்தக் கணக்கைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட சிலரிடம் நாவலைக் கொடுத்து, கதையைப் பற்றிக் கேள்வி கேட்போம் என்று மட்டும் சொன்னார்கள். படித்து முடித்து வந்தவர்களுக்குக் காத்திருந்தது சொற்தேர்வு. கேட்கப்பட்ட 90 சொற்களில் சராசரியாக 76 சதவீதத்துக்குச் சரியான விடை வந்தது. யாரும் எதையும் மனப்பாடம் செய்திருக்கவில்லை.

அப்படியானால் கடினமான ஆங்கிலச் சொற்களைக் கற்க ஒரு இளையோர் நாவல் போதுமே என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். அந்த வாசகர்களுக்குக் கொச்சைச் சொற்களைத் தவிர மீதி எல்லாமே தெரியும். நமக்கு அப்படியில்லை. ஒரு பக்கத்தின் சொற்களில் சுமார் 98 சதவீதம் ஏற்கெனவே தெரிந்திருந்தால்தான் உதவியில்லாமல் வசதியாகப் படிக்க முடியும் என்கின்றன நேஷனும் அவரோடு சேர்ந்தவர்களும் பின்னாளில் செய்த ஆய்வுகள். அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒரு புதிய சொல். 300 சொல் கொண்ட பக்கத்தில் ஆறு. ஐந்தில் ஒரு சொல் தெரியாது என்றால் கதையே பிடிபடாது. ஊகிக்கப் பிடிமானமே இருக்காது. இளையோர் நாவல் இங்கேதான் கைகொடுக்கிறது. வாக்கியங்கள் சிறியவை, உரையாடல் அதிகம், அடுத்து என்ன ஆகும் என்ற ஆவலும் உண்டு. பெரிய இலக்கியத்தில் தொடங்கி மூன்றாம் பக்கத்தில் மூடிவைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

சரி, அந்த ஆறு சொற்களுக்கு என்ன ஆகிறது? ரேவனஸ் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். 'நெடுந்தூரம் நடந்து வந்தவன் ரேவனஸாகத் தட்டின் மேல் பாய்ந்தான்' என்று ஒரு வரி. வேகமாகவா, கோபமாகவா, பசியோடா? மூன்றுமே பொருந்தும். நாற்பது பக்கம் தள்ளி, 'மழையில் நனைந்த ரேவனஸ் நாய்க்குட்டி' என்று வருகிறது. வேகம் அடிபட்டுப் போகிறது. இன்னொரு இடத்தில், 'ரேவனஸாக இருந்தும் பாதிச் சோற்றைத் தங்கை பக்கம் தள்ளினாள்.' இனிக் கோபத்துக்கும் இடமில்லை. கடும்பசி மட்டும்தான் மிச்சம். ஒவ்வொரு சந்திப்பும் பொருளை முழுதாகக் கொடுப்பதில்லை; தவறான ஊகங்களைக் கழித்துவிடுகிறது. ஒரே முறை பார்த்த சொல் நினைவில் தங்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்று நேகி, ஹெர்மன், ஆன்டர்சன் ஆகியோர் 1980களில் பள்ளி மாணவர்களிடம் கண்டதற்கும் இதுவே ஒரு காரணம்.

மூளைக்கும் அவகாசம் வேண்டும். கத்தீட்ரல் போன்ற தெரிந்த சொற்களைத் திரித்து கத்தீட்ரூக் மாதிரியான போலிச் சொற்களைச் செய்து, அவற்றை ஆட்களுக்குக் கற்பித்துப் பார்த்தார்கள் காஸ்கெல், டுமே என்ற இரு ஆய்வாளர்கள். புதுச்சொல் அன்றைக்கே ஞாபகத்தில் இருந்தது. ஆனால் பழைய சொற்களோடு போட்டிபோடும் அளவுக்கு அது மூளையின் அகராதிக்குள் நுழைந்தது ஒரு தூக்கம் போட்ட பிறகுதான். ஒரே மூச்சில் படித்து முடிப்பதைவிட, தினம் ஓர் அத்தியாயமாக ஓட்டுவது நல்லது என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. எந்த நாவலை எடுத்தாலும், அதில் வரும் வெவ்வேறு சொற்களில் ஏறத்தாழ பாதி ஒரே ஒரு முறைதான் தலைகாட்டும். கடினமான சொற்கள் பெரும்பாலும் அந்தப் பாதியில்தான் இருக்கும். பர்ஜஸ் தன் சொற்களைத் திரும்பத் திரும்பப் புழங்கவிட்டார். சாதாரண எழுத்தாளர் ரேவனஸை ஒரு தடவை எழுதிவிட்டுப் போய்விடுவார்.

இதைச் சமாளிக்க அமெரிக்காவில் ஒரு குறுக்குவழி பிறந்தது. எஸ்ஏடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வுக்கான கடினச் சொற்களைத் திணித்தே கதை எழுதி, அவற்றைத் தடித்த எழுத்தில் அச்சிட்டு, பொருளையும் கூடவே தந்தார்கள். பொருள் பக்கத்திலேயே கிடைப்பது நல்லதுதான்; தவறான ஊகம் வேரூன்றாது. ஆனால் வரிக்கு வரி திணித்தால் அந்த 98 சதவீதக் கணக்கு உடைந்துபோகும். அப்புறம் அது கதை வேடம் போட்ட சொற்பட்டியல்தான். 2016இல் எஸ்ஏடி தேர்வே மாறியது. அபூர்வச் சொற்களைக் கேட்கும் வாக்கிய நிரப்பல்கள் போயின. பத்தியில் ஒரு சொல் எந்தப் பொருளில் வருகிறது என்று கேட்கும் கேள்விகளுக்கே முக்கியத்துவம் வந்தது.

என்னைக் கேட்டால் முதல் தடவை வரும் சொல்லுக்கு ஒரு கோடு போட்டுவிட்டுக் கதையோடு போய்விடலாம். இரண்டாம் தடவை வந்தால் அகராதியைத் திறக்கலாம். ஆனால் திறக்கும் முன் ஒரு ஊகம் வைத்துக்கொள்ள வேண்டும். தானே யோசித்துவிட்டுப் பார்த்த பொருள், சும்மா பார்த்ததைவிட நன்றாகத் தங்கும். ஒரே எழுத்தாளரின் தொடர்வரிசை நாவல்களை எடுத்தால் இன்னும் வசதி. ஆட்களும் இடங்களும் மாறாததால், அவருக்குப் பிடித்தமான சொற்கள் அடுத்தடுத்த புத்தகங்களிலும் எதிர்ப்படும்.