உறைந்த ஏரிக்குள் எட்டிப் பார்த்தால்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் ஆபிரகாம் ஏரி என்று ஒன்று இருக்கிறது. குளிர்காலத்தில் அது உறைந்த பிறகு மேலே நடந்தால், காலுக்கடியில் வெள்ளை வெள்ளையாகத் தட்டுகள் தெரியும். நாணயங்களை அடுக்கியதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக, ஆனால் ஒன்றையொன்று தொடாமல், நீலக் கண்ணாடிக்குள் அந்தரத்தில் நிற்கும். கேமராவோடு வருகிறவர்கள் பலர் கரையையும் மலையையும் விட்டுவிட்டு இதை மட்டும் நேர் மேலிருந்து எடுக்கிறார்கள். அப்படி எடுத்த படத்தில் அளவே பிடிபடாது. நுண்ணோக்கிக்கு அடியில் வைத்த ஏதோ ஒன்றா, விண்வெளிப் படமா என்று சந்தேகம் வரும்.

அந்தத் தட்டுகள் மீத்தேன் என்ற வாயுவின் குமிழிகள். ஆபிரகாம் இயற்கையான ஏரி அல்ல. 1972-இல் பிக்ஹார்ன் அணை வந்தபோது வடக்கு சஸ்காட்செவன் ஆற்று நீர் தேங்கி உண்டானது. அடியில் கிடக்கும் செடிகொடிகளை நுண்ணுயிரிகள் ஆக்சிஜன் இல்லாமலே மக்க வைக்கும்போது மீத்தேன் வெளியாகிறது. மேலே ஏறி வரும் குமிழி பனிக்கட்டியின் அடிப்பக்கத்தில் முட்டுகிறது. போக வழியில்லாமல் தட்டையாகப் பரவுகிறது. பனிக்கட்டி கீழ்நோக்கித்தான் வளரும். ஆகவே குமிழியைச் சுற்றியும் அதன் அடியிலும் தண்ணீர் உறைந்து அதை மூடிவிடுகிறது. அடுத்த குமிழி வரும்போது கூரை இன்னும் கீழே இறங்கியிருக்கும். அது அங்கே மாட்டிக்கொள்ளும். அடுக்கின் உச்சியில் இருப்பது பழசு, அடியில் இருப்பது புதுசு.

சரி, ஏன் கீழ்நோக்கி வளர்கிறது? தண்ணீர் சுமார் 4 டிகிரி செல்சியஸில்தான் மிகவும் கனமாக இருக்கும். குளிர்காலம் நெருங்கும்போது ஏரியின் மேல்நீர் குளிர்ந்து, கனத்து, மூழ்கிக்கொண்டே இருக்கும். ஏரி 4 டிகிரிக்கு வந்தபின் கதை மாறுகிறது. அதற்கும் கீழே குளிரும் நீர் லேசாகிவிடுவதால் மேலேயே தங்கி, அங்கேயே உறைகிறது. இப்படிப் பனிக்கட்டி ஏரிக்கு ஒரு மூடியாக அமைந்தபின், தண்ணீரின் வெப்பம் அந்த மூடியைக் கடந்துதான் காற்றுக்குப் போக வேண்டும். மூடி தடிக்கத் தடிக்க வெப்பம் வெளியேறுவதும் மெதுவாகிறது. இந்தக் கணக்கை 1891-இல் ஜோசப் ஸ்டெஃபன் என்ற இயற்பியலாளர் எழுதிக் காட்டினார். குளிர் மாறாமல் இருந்தால், 20 சென்டிமீட்டர் தடிமன் வர, 10 சென்டிமீட்டருக்கு ஆன நேரத்தைப்போல நான்கு மடங்கு ஆகும்.

இதைத் தெரிந்துகொண்டு குமிழி அடுக்கைப் பாருங்கள். இரண்டு குமிழிகளுக்கு நடுவில் இருக்கும் தெளிவான இடைவெளி, குமிழி வராமல் பனி மட்டும் வளர்ந்த நேரம். மேலே இருக்கும் ஒரு விரற்கடை ஒரே இரவில் வளர்ந்திருக்கலாம். அதே ஒரு விரற்கடை கீழே பல இரவுகளின் வேலை.

நூல் நூலாகத் தெரியும் மெல்லிய குமிழிகள் வேறு ரகம். அவை தண்ணீரில் கரைந்திருந்த காற்று. உறையும் தண்ணீர் தன் படிகத்துக்குள் காற்றுக்கு இடம் தராது, முன்னால் தள்ளிவிடும். உறைவது மெதுவாக நடந்தால் காற்று கீழிருக்கும் நீரில் கலந்து விலகிவிடும். பனிக்கட்டி கண்ணாடியாக நிற்கும். வேகமாக உறைந்தால் காற்று தப்பிக்க முடியாமல் பொடிக் குமிழிகளாகச் சிக்கும், எல்லாம் வெளுத்துத் தெரியும். ஃப்ரீசரில் வைத்த ஐஸ் கட்டியின் நடுப்பகுதி மட்டும் வெள்ளையாக இருப்பதும் இதனால்தான்: அது எல்லாப் பக்கமிருந்தும் உறைந்து காற்றை நடுவில் ஒதுக்குகிறது. மெதுவுக்கும் வேகத்துக்கும் இடைப்பட்ட வேகத்தில் உறைந்தால், பனி இறங்க இறங்கக் குமிழியும் கூடவே நீண்டு செங்குத்தான நூலாகும்.

விரிசல்களுக்கு வருவோம். பனிக்கட்டியின் அடிப்பக்கம், தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருப்பதால், எப்போதும் 0 டிகிரிதான். மேற்பக்கம் இரவில் மிகவும் குளிர்ந்து சுருங்கும். எவ்வளவு? ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள பனிக்கட்டி 10 டிகிரி குளிர்ந்தால் ஏறக்குறைய அரை மீட்டர் சுருங்கப் பார்க்கும். சுருங்க இடம் கொடுக்காமல் இழுத்துப் பிடித்தால் வெடிக்கத்தானே செய்யும்? ரஷ்யாவின் பைக்கால் ஏரிப் படங்களில் நாம் பார்க்கும் வெள்ளைக் கோடுகள் உண்மையில் கோடுகள் அல்ல, உள்ளே இறங்கும் திரைகள். சற்றுச் சாய்வாகப் பார்த்தால் அந்தத் திரை எவ்வளவு ஆழம் போகிறது, எங்கே வளைகிறது என்பது தெரியும். வெடிக்கும் சத்தம் தூரத்திலிருந்து கேட்டால் விண்வெளிப் படத்துத் துப்பாக்கி போல ‘பியூவ்’ என்று இருக்கும். பனித்தளத்தில் கீச்சுக் குரல் அலைகள் வேகமாக ஓடி முதலில் வந்து சேர, கட்டைக் குரல் பின்னால் வருவதால் அப்படி.

எனக்கு இதிலெல்லாம் மிகப் பிடித்தது டிண்டால் பூக்கள். இயற்பியலாளர் ஜான் டிண்டால் 1858-இல் இவற்றைப் பற்றி எழுதினார். சூரிய ஒளியைக் குவித்துத் தெளிவான பனிக்கட்டிக்குள் செலுத்தினால், உள்ளே அங்கங்கே ஆறு இதழ் கொண்ட பூக்கள் மலரும். பனிக்கட்டி உள்ளுக்குள் உருகி, தண்ணீர் பூ வடிவில் விரிகிறது. உருகிய தண்ணீருக்கு முன்பிருந்த அளவு இடம் தேவைப்படாததால், பூவில் வெள்ளிப் பொட்டு போல ஒரு வெற்றிடம் மின்னும். அதில் காற்று கிடையாது, நீராவி மட்டும்தான். நல்ல வெயிலில் ஏரிப் பனியிலும் இவை வரும். க்ளோஸ்-அப் லென்ஸ் வேண்டும், பொறுமையும் வேண்டும்.

இனி கேமரா. போலரைசிங் ஃபில்டர் போட்டால் பிரதிபலிப்பு போய்விடும் என்பார்கள். பாதி உண்மை. பனிக்கட்டியின் பரப்போடு சுமார் 37 டிகிரி கோணத்தில் பார்க்கும்போதுதான் அது முழுதாக வேலை செய்யும். நேர் மேலிருந்து எடுத்தால் ஃபில்டர் உதவாது. அப்போது பரப்பு 2 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவான ஒளியையே திருப்பி அனுப்புகிறது என்றாலும், வானம் பளிச்சென்று இருந்தால் அதுவே குமிழிகளின் மேல் வெண்படலம் போர்த்திவிடும். கறுப்புக் குடையோ நம் நிழலோ போதும், அதைத் தடுக்க.

கேமராவின் தானியங்கி (ஆட்டோ) முறையை நம்பினால் இன்னொரு ஏமாற்றம். கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். தெளிந்த பனிக்கட்டி அடியிலிருக்கும் ஆழத்தைக் காட்டுவதால் கறுப்பாகத் தெரியும். கேமரா அதை வெளிச்சமாக்கி, குமிழிகளின் நுணுக்கத்தை அழித்துவிடும். இங்கே எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்குள் விடும் ஒளியின் அளவை, குறைக்க வேண்டும். பனித்தூள் மூடிய வெள்ளைப் பரப்பென்றால் நேர் எதிர், கூட்ட வேண்டும். நிறங்களைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸையும் பகல் வெளிச்சத்துக்குப் பூட்டிவிடுவது நல்லது. பனிக்கட்டி சிவப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்குவதால் வரும் நீலத்தை, ஏதோ பிழை என்று நினைத்து கேமரா திருத்திவிடும். ஆழத்திலும் கண் ஏமாறும். 30 சென்டிமீட்டர் கீழே இருக்கும் குமிழி மேலிருந்து பார்க்க 23 சென்டிமீட்டரில் இருப்பதுபோலத் தோன்றும்.

தெளிந்த பனிக்கட்டி 10 சென்டிமீட்டர் இருந்தால் ஒருவர் நடக்கலாம் என்பது பொதுவான கணக்கு. வெள்ளைப் பனிக்கட்டி, அதாவது நனைந்த பனித்தூள் உறைந்தது, பாதி பலம்தான். இந்தக் கணக்கு குமிழிக் கூட்டங்களின் மேல் எடுபடாது. அலாஸ்காவிலும் சைபீரியாவிலும் ஆய்வாளர்கள் ஏரிப் பனியில் குமிழிகளின் வடிவத்தையும் நெருக்கத்தையும் பார்த்துத்தான் எங்கே எவ்வளவு மீத்தேன் கசிகிறது என்று கணிக்கிறார்கள். கசிவு பலமாக இருக்கும் இடங்களில், ஓயாமல் ஏறி வரும் குமிழிகள் அடியிலிருந்து சற்றே வெப்பம் கூடிய நீரையும் கூடவே இழுத்து வருவதால், நடுக்குளிர்காலத்திலும் பனி மெல்லிசாகவோ ஓட்டையாகவோ இருக்கும். குமிழி அடுக்குகள் தூரத்திலிருந்தே கண்ணைப் பறிக்கும் இடத்துக்குப் போகிறவர்கள், கேமராவை வெளியே எடுக்குமுன் ஒவ்வொரு சில அடிக்கும் துளை போட்டு அளந்துகொண்டே போகிறார்கள்.