பழைய வீட்டுச் சுவர் ஏன் பொரிகிறது?

தாத்தா காலத்து வீட்டைப் புதுப்பிக்க இறங்குகிறவர்கள் பெரும்பாலும் கூடத்துச் சுவரில்தான் கை வைக்கிறார்கள். உதிர்ந்துகொண்டிருக்கும் பழைய காரையைக் கொத்தி எடுத்து, சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, எமல்ஷன் அடிக்கிறார்கள். கிருகப்பிரவேசத்து அழகு அப்படியே திரும்பிவிட்டதுபோல் இருக்கும். ஒரு மழைக்காலம் போனதும் தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில் பெயின்ட் குமிழி விடுகிறது. விரல் பட்டால் மாவாகக் கொட்டுகிறது. பெயின்ட் போலி என்கிறார் வீட்டுக்காரர், மணல் சரியில்லை என்கிறார் கொத்தனார். பெரும்பாலான வீடுகளில் காரணம் இரண்டுமல்ல. சுவருக்குள் ஏறும் நீர் வெளியேறுவதற்கு இருந்த வழியை அடைத்துவிட்டோம்.

காரைக்குடியிலும் கும்பகோணத்திலும் மயிலாப்பூரிலும் நிற்கிற பழைய வீடுகள் பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுந்தவை. இன்றைய கட்டடங்களில் அடித்தளத்துக்கு மேல் போடுகிற ஈரத்தடுப்பு அடுக்கு பெரும்பாலும் அவற்றில் இல்லை. ஆகவே மண்ணின் ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியாக மேலே ஏறும். துளை எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு உயரத்துக்கு நீர் ஏற முடியும். ஆனால் ஏறுகிற நீர் வழியெங்கும் சுவரின் பரப்பில் ஆவியாகிக்கொண்டும் இருக்கிறது. கீழிருந்து வரும் அளவும் காற்றில் போகும் அளவும் சமமாகும் இடத்தில் ஓதம், அதாவது சுவரில் ஏறும் ஈரம், நின்றுவிடும். அந்தக் காலத்துக் கொத்தனார்கள் நீரைத் தடுக்கவில்லை; அது தாழ்வாகவே வெளியேறிவிடும்படி சுவரைக் கட்டினார்கள். அதற்குத் துணை நின்றது சுண்ணாம்பு.

சுண்ணாம்பின் கதை ஒரு வட்டம். சுண்ணாம்புக் கல் என்பது கால்சியம் கார்பனேட். சூளையில் ஏறத்தாழ 900 டிகிரி செல்சியசில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு பிரிந்து போய்விடும். 100 கிலோ தூய கல் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பாக எடை குறையும். அதன்மேல் நீர் ஊற்றினால் கொதித்துக்கொண்டு நீறும். அந்த நீற்றுச் சுண்ணாம்பை மணலுடன் அரைத்துச் சுவரில் பூசியபின், அது காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடைத் திரும்ப எடுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. சூளையில் இழந்ததைச் சுவரில் மீட்டுக்கொள்கிறது என்று சொல்லலாம். காற்றில் அந்த வாயு இருப்பதோ சுமார் 0.04 விழுக்காடு. அதனால் இறுகுதல் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி மெதுவாக நகர்கிறது. இதற்குக் கொஞ்சம் ஈரமும் வேண்டும்; வெயிலில் சட்டென்று காய்ந்துபோன பூச்சு இறுகாமல் பொடியாகவே நின்றுவிடும். ஈரச் சாக்கு கட்டிக் காத்தது இதற்காகத்தான்.

இப்படி இறுகிய காரை, சிமென்ட் பூச்சைவிட மென்மையானது, துளைகளும் அதிகம். மயிரிழை வெடிப்பு விழுந்தால், ஈரத்தில் கரையும் மீதிச் சுண்ணாம்பு அந்த வெடிப்புக்குள்ளேயே படிகமாகி அதை ஓரளவு அடைத்துவிடும். கடுக்காயும் வெல்லமும் சேர்த்த கலவை, முட்டை வெண்கரு சேர்த்துக் கல்லால் தேய்த்த செட்டிநாட்டுப் பூச்சு, கிளிஞ்சல் சுட்டுச் செய்து பளிங்குபோல் மின்னிய மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு எல்லாம் இந்த அடிப்படையின் மேல் வளர்ந்த கைத்திறன்கள். வெல்லத்திலுள்ள சர்க்கரை, சுண்ணாம்பு நீரில் கூடுதலாகக் கரைய உதவுகிறது. நீர் புழங்கும் இடங்களுக்குச் செங்கல் தூளான சுர்க்கியைச் சேர்த்தார்கள். அதிலுள்ள சிலிக்கா சுண்ணாம்புடன் வினைபுரிவதால், காற்று படாத ஈரத்திலும் அந்தக் கலவை இறுகும்.

இனி உண்மையான சேதக்காரனுக்கு வருவோம். தண்ணீர் மட்டும் ஏறினால் சுவர் இவ்வளவு உதிராது. மண்ணிலிருக்கும் குளோரைடு, சல்பேட், நைட்ரேட் உப்புகளையும் அது தூக்கிக்கொண்டு வருகிறது. நீர் ஆவியாகும் இடத்தில் உப்பு தங்கி விடுகிறது. ஆவியாதல் வெளிப்பரப்பில் நடந்தால் வெள்ளையாக உப்புப் பூக்கும். பார்க்க அசிங்கம், ஆனால் துடைப்பத்துக்கு அடங்கும். பூச்சுக்குள்ளேயோ பெயின்ட்டுக்குப் பின்னாலோ நடந்தால் படிகங்கள் துளைகளுக்குள் வளர்ந்து சுற்றியுள்ளதை நெரிக்கின்றன. சோடியம் சல்பேட் இதில் கொடியது: நீரற்ற படிகம் நீரேற்றம் பெறும்போது கன அளவு மூன்று மடங்குக்கு மேலாகிறது. ஈரம், காய்ச்சல், மறுபடி ஈரம் என்று ஒவ்வொரு சுற்றிலும் பூச்சு இன்னும் கொஞ்சம் நொறுங்கும். சாதாரண உப்பின் குணம் வேறு. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலோர ஊர்களில் மழை பெய்யாத நாளிலும் சில சுவர்கள் நனைந்து தெரிவதன் காரணம் இதுவே.

இந்தச் சுவரில் மூன்று அடி உயரத்துக்குச் சிமென்ட் பூசினால் என்ன ஆகும்? அடர்த்தியான அந்தப் பூச்சில் ஆவியாதல் குறைகிறது. ஏறுகிற நீர் ஏறிக்கொண்டேதான் இருக்கும். தாழ்வாக வெளியேற முடியாததால் சிமென்ட் முடியும் இடத்துக்கு மேல் போய் வெளிப்படுகிறது. முன்பு முழங்காலளவில் நின்ற ஓதம் இடுப்பளவுக்கு உயர்கிறது. டைல்ஸ் ஒட்டினாலும் இதே கதைதான். ‘வாட்டர்ப்ரூஃப்’ பெயின்ட்டை உட்புறம் அடிப்பது இன்னும் மோசம் என்பேன், ஏனென்றால் அது ஈரத்தைப் பூட்டிவைத்துவிட்டு நோய் தீர்ந்ததுபோலக் காட்டுகிறது.

ஆகவே வண்ண அட்டையைப் புரட்டுவதற்கு முன் நீர் எங்கிருந்து வருகிறதென்று தேடுங்கள். நம் ஊர்களில் முதல் சந்தேகம் தெருவின் மேல்தான் விழ வேண்டும். பழைய தளத்தைச் சுரண்டாமல் சாலைமேல் சாலை போட்டதில் திண்ணை தெருவுக்குத் தாழ்ந்துபோன வீடுகள் ஏராளம். மழைநீர் அடித்தளத்தை ஒட்டியே தேங்குகிறது. அடுத்து உடைந்த மழைநீர்க் குழாய், கசியும் குளியலறை, சுவரோரம் குவித்த மண், முற்றத்தைச் சுற்றிப் போட்ட சிமென்ட் தளம். இவற்றைச் சரிசெய்தாலே பாதி ஓதம் குறையக்கூடும்.

பிறகு சிமென்ட்டை மெதுவாகக் கொத்தி எடுத்துவிட்டுச் சுவரைக் காய விட வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு. ஒன்றரை அடிச் சுவர் ஓராண்டுக்கு மேல் கேட்கும். வெயிலும் காற்றும் நன்றாகப் படும் சுவர் முந்தலாம். பூத்த உப்பைக் காய்ந்த துடைப்பத்தால் தட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள். கழுவினால் கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போகும். உப்பு மிகுந்த இடத்தில் மலிவான சுண்ணாம்புப் பூச்சு ஒன்றைப் போட்டு, அது உப்பை உறிஞ்சி உதிரத் தொடங்கியதும் எடுத்துவிட்டு மறுபடி பூசலாம். கெட்டுப்போவதற்காகவே பூசுகிற பூச்சு அது. காசு விரயம் என்று வீட்டுக்காரர்கள் தயங்குகிறார்கள். ஆனால் உள்ளிருக்கும் செங்கல்லைக் காப்பாற்ற நான் அறிந்தவரை இதைவிடச் சாந்தமான வழி இல்லை.

மேல்பூச்சுக்குச் சுண்ணாம்பு வெள்ளையே போதும். ஏழைகளின் பெயின்ட் என்று அதை ஒதுக்கிவைத்ததில் நாம் அழகையும் இழந்தோம். காய்ந்த பூச்சில் கால்சியம் கார்பனேட் கால்சைட் என்ற படிகங்களாக இருக்கிறது; அவை ஒளியை இரண்டாகப் பிரித்து விலக்குபவை. சிதறி வரும் அந்த ஒளியில் சுவருக்கு ஓர் ஆழம் கிடைக்கிறது. பிளாஸ்டிக் எமல்ஷனில் அது கிடைக்காது. நிறம் வேண்டுமென்றால் காவி, மஞ்சள் மண், நீலம் போன்ற கனிம நிறமிகளைச் சேருங்கள். சுண்ணாம்பின் கடும் காரத்தில் பல செயற்கைச் சாயங்கள் வெளுத்துவிடும். கண்ணில் பட்டால் அந்தக் காரம் பார்வையையே கெடுக்கும் என்பதால் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் அடிக்க வேண்டாம். சுவரை முதலில் நீர் தெளித்து நனைத்துக்கொண்டு பால்போல் நீர்த்ததாக அடிக்க வேண்டும். அடித்த கையோடு ஒன்றுமே தெரியாது. காயக் காயத்தான் வெண்மை ஏறும். முதலில் ஒன்றும் தெரியவில்லையே என்று பதறித் தடிப்பாக அடித்தால் செதிலாக உரியும். ஒரு நாள் இடைவெளி விட்டு, மெல்லியதாக நான்கைந்து முறை.