கை மரத்துப்போகிறதா? நரம்புப் பரிசோதனையை இ.எஸ்.ஐ.யிலேயே எடுக்கலாம்

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்கள் என்றால், ‘கார்ப்பல் டன்னல்’ (மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படும் நோய்) சந்தேகத்துக்கு எடுக்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனையும் உங்களுக்கு உரிய மருத்துவத்தில் சேர்ந்ததுதான். 16,000 ரூபாய் சம்பளத்துக்கு உங்கள் பங்கு 0.75 சதவீதம், அதாவது 120 ரூபாய். முதலாளி 3.25 சதவீதமாக 520 ரூபாய் கட்டுகிறார். இவ்வளவும் கட்டிவிட்டு டெஸ்டுக்கு வெளியே காசு கொடுப்பானேன்?

ஆனால் நேராக டெஸ்டுக்குப் போய் நிற்க முடியாது. முதலில் உங்கள் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி. அங்கே “கை வலி” என்று மட்டும் சொன்னால் மாத்திரையோடு அனுப்பிவிட வாய்ப்புண்டு. எந்த விரல்கள் மரக்கின்றன, ராத்திரியில் எழுப்புகிறதா, கையை உதறினால் சரியாகிறதா, என்ன வேலை (தையல் கம்பெனி என்றால் ஓவர்லாக் மெஷினா கத்தரியா), எத்தனை மணி நேரம் என்று விவரமாகச் சொல்லுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்து, சுண்டுவிரல் மட்டும் நன்றாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். மருத்துவருக்கு அது பெரிய துப்பு. சர்க்கரை, தைராய்டு, கர்ப்பம் இருந்தால் மறைக்க வேண்டாம். அங்கிருந்து இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். அங்கே வசதி இல்லையென்றால் இ.எஸ்.ஐ.யோடு ஒப்பந்தம் உள்ள மருத்துவமனைக்கு ரெஃபரல் தருவார்கள். அந்தக் கடிதத்தோடு போனால் பணம் கட்ட வேண்டியதில்லை. கடிதம் வாங்காமல் நீங்களாகப் போய் எடுத்துவிட்டுப் பில்லைக் கொண்டுவந்தால், அவசர சிகிச்சை தவிர மற்றவற்றுக்குப் பணம் திரும்பக் கிடைப்பது கஷ்டம்.

டெஸ்டில் மணிக்கட்டிலும் முழங்கைப் பக்கமும் சின்னச் சின்ன மின்துடிப்பு கொடுத்து, அது விரலுக்கும் கட்டைவிரல் அடித்தசைக்கும் வந்து சேர எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கிறார்கள். சுண்டுவிரலுக்குப் போகும் நரம்போடு ஒப்பிடுவார்கள். மணிக்கட்டுப் பகுதியில் மட்டும் தாமதம் தெரிந்தால் நரம்பு அங்கே நெருக்கப்படுகிறது என்று பொருள். சுண்டி இழுக்கும், அவ்வளவுதான். அன்றைக்குக் கையில் எண்ணெய், க்ரீம் தடவாதீர்கள். கை சில்லிட்டிருந்தால் நல்ல நரம்பும் மெதுவாகத்தான் கடத்தும், ஏ.சி. அறையில் வெகுநேரம் உட்காரவைத்திருந்தால் சொல்லுங்கள், சூடேற்றிவிட்டு எடுப்பார்கள். பேஸ்மேக்கர் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ரிப்போர்ட் ‘நார்மல்’ என்று வந்தாலும் நோய் இல்லை என்று முடிவாகாது. ஆரம்ப நிலையில் டெஸ்டில் பிடிபடாமல் போவதுண்டு. தொந்தரவு தொடர்ந்தால் மறுபடி மருத்துவரிடம் போக உங்களுக்கு உரிமை உண்டு. அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் அதுவும் இ.எஸ்.ஐ.யில் அடக்கம்.

மருத்துவர் ஓய்வு எழுதிக் கொடுத்தால் தினக்கூலியில் 70 சதவீதம், வருஷத்துக்கு அதிகபட்சம் 91 நாள் கிடைக்கும். பொதுவாக முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. அதற்குரிய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும்: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியது அடுத்த ஜனவரி–ஜூனுக்கு, அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியது ஜூலை–டிசம்பருக்கு. அறுவை சிகிச்சைக்குத் தேதி குறிக்கும் முன்பே இந்தக் கணக்கைக் கம்பெனி ஆபீஸிலோ இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்திலோ கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.