அம்மாவிடம் சொல்லாதீர்கள் என்று என்னிடம் சொல்லாதீர்கள்

இந்த மாதமும் ஒரு மகன். அம்மா ஸ்கேன் அறைக்குள் போனதும் மேசையருகே குனிந்து, "டாக்டர், கேன்சர்ங்கறது மட்டும் அவங்க காதுல விழக்கூடாது, அல்சர்னு சொல்லிடுங்க" என்கிறார். ஃபைலின் மேல் புற்றுநோய்ப் பிரிவு என்று ஒட்டியிருந்த ஸ்டிக்கரை ஏற்கெனவே நகத்தால் சுரண்டியாயிற்று. பாசத்தில்தான் செய்கிறார்கள், புரிகிறது. ஆனாலும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

மறுத்துப் பேசினால் அடுத்த வசனம் தயாராக வரும்: "மேல்நாட்டுக்காரங்க உண்மையைத் தாங்குவாங்க, நம்ம ஆளுங்க உடைஞ்சு போயிடுவாங்க." இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. 1961-இல் சிகாகோ மருத்துவமனை ஒன்றின் டாக்டர்களிடம் கேட்டபோது, கேன்சர் என்றால் பொதுவாக நோயாளியிடம் சொல்வதில்லை என்றவர்கள் 90 சதவீதம். அவர்கள் சொன்ன காரணமும் அதேதான், நம்பிக்கை போய்விடுமாம்! 1979-இல் இன்னொரு அமெரிக்க மருத்துவமனையில் கேட்டபோது 97 சதவீதம் பேர் சொல்லிவிடுவோம் என்றார்கள். பதினெட்டு வருடத்தில் அந்த ஊர்க்காரர்களின் நெஞ்சு என்ன இரும்பாகிவிட்டதா? சிகிச்சைகள் கூடின, நோயாளியின் உரிமை பற்றிப் பேச ஆரம்பித்தார்கள், மருத்துவர்களின் வழக்கம் மாறியது, அவ்வளவுதான். (பண்பாடு என்பது நோயாளிக்கு மட்டும்தான், வெள்ளைக் கோட்டுக்குக் கிடையாது என்று நினைக்கும் சக டாக்டர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.)

சரி, மறைக்கிறீர்கள். கீமோவில் முடி கொட்டும்போது என்ன சொல்வீர்கள்? பலருக்கு அதற்குள் தெரிந்தே இருக்கும், பிள்ளைகள் பாவம் என்று தெரியாத மாதிரி படுத்திருப்பார்கள். உண்மையிலேயே தெரியாதவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம். கீமோ போகும்போது காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், நடுராத்திரியானாலும் மருத்துவமனைக்கு ஓடி வரவேண்டும். தனக்கு வெறும் அல்சர் என்று நம்புகிறவர் ஒரு பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று தூங்கிவிடுவார்.

எல்லாவற்றையும் எல்லோரிடமும் போட்டு உடைக்கச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ள விரும்பாதவர்களும் உண்டு, அதுவும் அவர்கள் உரிமைதான். தயவுசெய்து அதை நோயாளியிடமே கேளுங்கள், அதுவும் ரிசல்ட் வருவதற்கு முன்பே: "ரிப்போர்ட் வந்ததும் உங்ககிட்ட பேசட்டுமா, வீட்ல வேற யார்கிட்டயாவது பேசட்டுமா?" டாக்டரோடு மொழி ஒத்துவராவிட்டால் பேத்தியை நடுவில் நிறுத்தாதீர்கள், மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். "எல்லாம் பையன்கிட்டயே சொல்லுங்க" என்று அம்மாவே சொன்னால் அப்புறம் பையனிடம் தாராளமாகப் பேசுவேன். ஆனால் அவர் சொன்னதை ஃபைலில் எழுதி வையுங்கள் டாக்டர்களே, நைட் டூட்டிக்கு வருகிறவருக்கும் தெரிய வேண்டும்.